ஒரு விசைக்காகப் பாதி லேப்டாப்

தமிழ்99 தட்டச்சு முறையில் ‘படம்’ என்று தட்டுகிறீர்கள், ‘பட்டம்’ என்று விழுகிறது. ‘எடு’ என்று தட்டினால் ‘எட்டு’, ‘விடு’ என்று தட்டினால் ‘விட்டு’. உங்கள் விரல்மேல் தப்பில்லை. ட விசையை ஒருமுறைதான் அழுத்தினீர்கள், அது இரண்டு முறை பதிந்துவிட்டது. தமிழ்99-இல் ஒரே மெய்யின் விசையை அடுத்தடுத்து இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். தட்டுகிற வேலையைக் குறைக்க யோசித்துச் செய்த அருமையான ஏற்பாடு அது. விசை பழுதாகும்போது அதே ஏற்பாடு ஒரு சொல்லை வேறொரு சொல்லாக்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்தால் பெரும்பாலும் அடியில் சிவப்புக் கோடு வந்துவிடும். ‘பட்டம்’ நல்ல சொல்தானே, எந்தப் பிழைதிருத்தி அதைப் பிடிக்கும்? ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளை வைத்துத் தமிழ் தட்டுபவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. ஆங்கில ‘ஏ’ விசை ஒருதடவை கூடப் பதிந்தால் கல் காலாகிவிடும்.

இப்படி ஒரு விசைப்பலகை மலிவான லேப்டாப்பில் இருந்தால் ‘கொடுத்த காசுக்கு இவ்வளவுதான்’ என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் 2015 முதல் 2019 வரை இந்தக் கோளாறுக்கு உலகமெங்கும் பெயர்போனது, விலை உயர்ந்த லேப்டாப்புகளில் ஒன்றான ஆப்பிளின் மேக்புக். அதில் இருந்ததைப் ‘பட்டாம்பூச்சி’ விசைப்பலகை என்பார்கள். அது ஏன் தோற்றது என்று கேட்டால் தூசி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. தூசியால் ஒரு விசை கெடலாம். ஒரு விசை கெட்டதற்கு லேப்டாப்பின் மேல்பாதியையே மாற்ற வேண்டியிருந்ததற்குத் தூசி காரணம் இல்லை.

அரை மில்லிமீட்டர்

2015 மார்ச்சில் 12 அங்குல மேக்புக்கை ஆப்பிள் அறிமுகம் செய்தது. தடிமன் 13.1 மில்லிமீட்டர், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, விலை 1,299 டாலர். அவ்வளவு மெல்லிய உடலுக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருந்ததால் விசைக்கு அடியில் இருக்கும் பொறியமைப்பையே மாற்றினார்கள். பழையதைவிட இது 40 சதவீதம் மெல்லியது என்று மேடையில் பெருமையாகச் சொன்னார்கள்.

பெரும்பாலான லேப்டாப்புகளில் விசைக்கு அடியில் இருப்பது கத்தரி அமைப்பு. இரண்டு சின்னப் பிளாஸ்டிக் சட்டங்கள் கத்தரிக்கோல்போல நடுவில் குறுக்காகக் கோத்திருக்கும். விசையை அழுத்தினால் கத்தரி படுக்கும், அடியிலுள்ள ரப்பர் குமிழ் அதைத் திரும்ப மேலே தள்ளும். விசை கீழே போய்வரும் தூரம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். பட்டாம்பூச்சி அமைப்பில் சட்டங்கள் குறுக்காகக் கோக்கவில்லை. பூச்சி சிறகை விரித்ததுபோல இரண்டு இறக்கைகள் நடுவில் கீல் வைத்து இணைந்திருக்கும். அழுத்தினால் இறக்கைகள் தட்டையாகிவிடும். ரப்பர் குமிழுக்குப் பதிலாக ஒவ்வொரு விசைக்கும் ஒரு சிறு எஃகுக் குமிழ். விசை நகரும் தூரம் சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

இதில் ஒரு நன்மை உண்மையாகவே இருந்தது, அதை மறைப்பது நியாயமில்லை. பழைய விசையின் ஓரத்தில் அழுத்தினால் அது சாயும், ஆடும். பட்டாம்பூச்சி விசை எந்த மூலையில் தொட்டாலும் மட்டமாக இறங்கும். பழகியபின் அந்த உறுதி சிலருக்குப் பிடித்தும் போனது. விசைமுகங்களும் அகலமானவை. வடிவமைத்தவர்கள் எழுதுகிற விரலைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அரை மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? ரவைத் துகள் ஒன்று போதும் அந்த இடைவெளியை அடைக்க. ஒன்றரை மில்லிமீட்டர் போய்வருகிற விசையின் அடியில் ஒரு துணுக்கு கிடந்தால் விசை கொஞ்சம் கரகரக்கும், பிறகு துணுக்கு நசுங்கிப் போகும் அல்லது விலகிப் போகும். இங்கே விலக இடமே இல்லை. விசைமுகத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடுக்கு வழியாக உள்ளே போனது வெளியே வராது. குமிழ் முழுதாக இறங்கவில்லை என்றால் எழுத்து விழாது. இறங்கிவிட்டுத் தடுமாறி விடுபட்டால் ஒரே தட்டலுக்கு இரண்டு எழுத்து. சூடு ஏறியதும் கோளாறு அதிகமாகிறது என்று சொன்னவர்களும் நிறையப் பேர். சூடும் எஃகுக் குமிழின் தேய்மானமும் இதில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதை ஆப்பிள் வெளிப்படையாக விளக்கியதே இல்லை.

2016 அக்டோபரில் இதே அமைப்பின் இரண்டாம் தலைமுறை மேக்புக் ப்ரோவுக்கு வந்தது. என் கணக்கில் தப்பு பெரிதானது அங்கேதான். 12 அங்குல மேக்புக் பையில் போட்டுக்கொண்டு திரிகிற பொருள், அதில் மெலிவு முக்கியம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். மேக்புக் ப்ரோவை வாங்குபவர் நிரல் எழுதுபவர், செய்தியாளர், மொழிபெயர்ப்பாளர், நாள் முழுக்க விசையிலேயே கைவைத்திருப்பவர். மேல்வரிசை விசைகளுக்குப் பதில் டச் பார் என்ற தொடுபட்டை வைத்த 13 அங்குல ப்ரோ 1,799 டாலர், 15 அங்குலம் 2,399 டாலர். போதாக்குறைக்கு எஸ்கேப் விசையைக்கூட எடுத்துவிட்டு அந்தத் தொடுபட்டைக்குள் ஒரு படமாக வைத்தார்கள்.

ரிவெட் அடித்த முடிவு

விசை கெட்டுவிட்டது. சர்வீஸ் சென்டருக்குப் போகிறீர்கள். பல பழைய லேப்டாப்புகளில் என்ன செய்வார்கள்? விசைமுகத்தை நெம்பி எடுத்து, அடியில் சுத்தம் செய்து, திரும்ப வைத்து அழுத்துவார்கள். முடியாவிட்டால் நாலைந்து திருகைக் கழற்றி விசைப்பலகையை மட்டும் மாற்றுவார்கள். தெருமுனைக் கடையில் ஒரு மணி நேர வேலை.

இந்த மேக்புக் ப்ரோவில் விசைமுகத்தை நெம்பினால் அதைப் பிடித்திருக்கும் மெல்லிய கொக்கிகள் உடைகிற ஆபத்து. விசைப்பலகையை மட்டும் கழற்றலாமா என்றால் அது விசைகளைச் சுற்றியுள்ள மேல்மூடியோடு ரிவெட் (திருகுபோல் கழற்ற முடியாத ஆணி) அடித்து இணைக்கப்பட்டது. மேல்மூடியின் உட்புறத்தில் பேட்டரி பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஆக, ஸ்பேஸ் பார் ஒன்று சிக்கிக்கொண்டால் விசைப்பலகை, அலுமினிய மேல்மூடி, பேட்டரி எல்லாம் ஒரே தொகுதியாக மாற்றப்படும். வாரன்டி முடிந்தவர்களுக்குப் பல நூறு டாலர் செலவு. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பேட்டரியும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

ஒரு லேப்டாப்பில் மனிதக் கை மிக அதிகமாகப் படுகிற, அதனால் மிக அதிகமாகத் தேய்கிற பகுதி விசைப்பலகை. தேயப்போகிறது என்று தெரிந்த பொருளைச் சுலபமாகக் கழற்றி மாட்டும்படி வைப்பது பழைய பழக்கம். சைக்கிள் பிரேக் கட்டையைச் சட்டத்தோடு சேர்த்து வார்ப்பதில்லை. மிக்ஸியில் தேய்கிற ரப்பர் வாஷருக்காக மோட்டாரையும் மாற்றச் சொல்வதில்லை. புதிதாக ஒரு பொறியமைப்பைச் செய்துபார்த்து அது சரியாக வராமல் போவது யாருக்கும் நடக்கும், அதை மன்னிக்கலாம். எதிர்பாராதது நடந்தால் கழற்றி மாற்ற வழியே இல்லாதபடி செய்து வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. திருகுக்கும் ரிவெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மிச்சமான தடிமன் எவ்வளவோ, அதற்கான விலையை வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டினார்கள்.

எழுபத்தைந்து டிகிரி சாய்த்துப் பிடியுங்கள்

புகார்கள் வரத் தொடங்கியபோது ஆப்பிள் தன் உதவிப் பக்கத்தில் ஒரு வழிமுறை போட்டிருந்தது. லேப்டாப்பை 75 டிகிரி கோணத்தில் சாய்த்துப் பிடித்து, அழுத்திய காற்று அடைத்த டப்பாவால் விசைகள்மேல் இடமிருந்து வலமாக வளைத்து வளைத்து ஊத வேண்டும். பிறகு வலப்பக்கம் திருப்பி ஊத வேண்டும், அதன்பின் இடப்பக்கம் திருப்பி ஊத வேண்டும். இரண்டாயிரம் டாலர் கொடுத்து வாங்கியவர் கையில் கோணமானியும் காற்று டப்பாவும்.

2017 அக்டோபரில் அமெரிக்கச் செய்தியாளர் கேசி ஜான்ஸ்டன் தன் ஸ்பேஸ் பார் படுத்திய பாட்டைக் கட்டுரையாக எழுதினார். அதற்குப் பிறகு அதே அனுபவத்தைச் சொல்ல ஆட்கள் திரண்டார்கள். மாற்றித் தரக் கோரும் மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2018 மே மாதம் கலிஃபோர்னியாவின் ஃபெடரல் நீதிமன்றத்தில் குழு வழக்கு பதிவானது. அடுத்த மாதம் 22-ஆம் தேதி, வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது. எழுத்துகள் தாமாகவே இரட்டித்தால், எழுத்து விழாமல் போனால், விசை ஒட்டிக்கொண்டால் அல்லது ஒருசீராக வேலை செய்யாவிட்டால் கொண்டுவரலாம். ஏற்கெனவே காசு கொடுத்துப் பழுதுபார்த்தவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றும் சொன்னார்கள்.

நல்ல திட்டம்தான். அதில் இருந்த ஒரு சொற்றொடர்தான் உறுத்தியது. பாதிக்கப்பட்டவை ‘சிறு சதவீதம்’ மட்டுமே என்றார்கள். எத்தனை சதவீதம் என்ற எண்ணை ஒருநாளும் வெளியிடவில்லை. சர்வீஸ் சென்டரின் மேசைக்கு முன் நிற்பவருக்கு அந்தச் சொல் என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ‘மற்றவர்களுக்கெல்லாம் நன்றாக இருக்கிறது, உனக்கு மட்டும்தான் இப்படி’ என்றாகிறது. சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்த்தோமா, ஜன்னலைத் திறந்து வைத்தோமா என்று அவர் தன்னையே விசாரிக்கத் தொடங்கிவிடுவார். சாப்பிட்ட தட்டும் திறந்த ஜன்னலும் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? பஞ்சு பறக்கும் ஊரிலும் மணல் பறக்கும் ஊரிலும் இந்த லேப்டாப்பை விற்றுக்கொண்டுதானே இருந்தார்கள்.

திட்டம் வந்த மூன்று வாரத்தில், 2018 ஜூலையில், மூன்றாம் தலைமுறை விசைப்பலகையோடு புதிய ப்ரோ வந்தது. சத்தம் குறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். பொருள்களைப் பிரித்துப் பார்த்து எழுதும் ஐஃபிக்ஸிட் குழு அதைத் திறந்தபோது ஒவ்வொரு விசைக்கு அடியிலும் சிலிக்கோன் சவ்வு இருந்தது. விசைப்பலகைக்குள் தூசி போகாமல் தடுக்கும் முறைகளுக்கு ஆப்பிள் 2016-இலேயே விண்ணப்பித்திருந்த காப்புரிமை 2018 மார்ச்சில் வெளியாகியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சவ்வு எதற்கு என்று விளங்கிவிடும். தூசிப் பிரச்சினையைத் தீர்க்கச் செய்ததல்ல என்றே ஆப்பிள் செய்தியாளர்களிடம் கூறியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது வேறு மாதிரிச் சொல்ல முடியாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வாங்கப் போகிறவருக்குத் தெரிந்தாக வேண்டிய ஒரே விஷயம் அதுதான். ஐஃபிக்ஸிட் சோதனையில் மெல்லிய பொடியைச் சவ்வு ஓரளவு தடுத்தது. மணல் போட்டதும் விசை நின்றுவிட்டது.

2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஜோஅன்னா ஸ்டெர்ன் தன் பத்தியை அந்த மூன்றாம் தலைமுறை விசைப்பலகை பதிந்தபடியே, எழுத்துகள் விடுபட்டு, வெளியிட்டார். படிக்க முடியாமல் திணறிய வாசகர்களுக்கு எதையும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. சிறு எண்ணிக்கையிலான பயனர்களுக்குப் பிரச்சினை இருக்கிறது, அதற்காக வருந்துகிறோம் என்று ஆப்பிள் பதில் சொன்னது. அந்த வருத்தம் வந்து சேர நான்கு வருடம் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்து, குமிழுக்கும் அதை மூடும் சவ்வுக்கும் வேறு மூலப்பொருள் பயன்படுத்திய புதிய ப்ரோ வெளியானது. வெளியான அன்றே அதையும் பழுதுபார்ப்புத் திட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். புதிய பொருள் கடைக்கு வருகிற நாளிலேயே பழுதுப் பட்டியலிலும் இடம்பிடிப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2019 நவம்பரில் 16 அங்குல மேக்புக் ப்ரோ வந்தது. அதில் பழைய கத்தரி அமைப்பு, ஒரு மில்லிமீட்டர் நகர்வு, கையால் அழுத்தக்கூடிய எஸ்கேப் விசை. 2020 மார்ச்சில் மேக்புக் ஏரும் மே மாதம் 13 அங்குல ப்ரோவும் அதற்கு மாறின. பட்டாம்பூச்சி ஓய்ந்தது. நடுவில், 2020 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கிய கையோடு இயக்குநர் டைக்கா வைட்டிட்டி செய்தியாளர்கள் முன் பேசியபோது, எழுத்தாளர்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் சொன்னது ஆப்பிள் விசைப்பலகையைச் சரிசெய்யச் சொல்லித்தான். தட்டித் தட்டித் தோள் வலி வந்ததையும் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். எழுதிப் பிழைப்பவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பலர் இந்தத் தோல்வியை வடிவமைப்புத் தலைவராக இருந்த ஜோனி ஐவின் தலையில் போடுகிறார்கள். அவர் 2019 ஜூனில் விலகல் அறிவித்ததும் அதே ஆண்டு கத்தரி அமைப்பு திரும்பியதும் சேர்ந்து வந்ததால் அப்படித் தோன்றுகிறது. நான்கு தலைமுறை ஒரே அமைப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததை ஒரு மனிதரின் ரசனையாகச் சுருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெலிவுக்கு ஏற்ற உடல், அதற்கேற்ற பேட்டரி, அதற்கேற்ற மேல்மூடி என்று ஒன்றோடொன்று பொருத்தி வடிவமைத்துவிட்டால், நடுவில் விசைப்பலகை மட்டும் தடித்தால் அத்தனையும் மாற வேண்டும். அதற்காகத்தான் சவ்வு, வேறு பிளாஸ்டிக், வேறு எஃகு என்று ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

யாருக்கு எவ்வளவு கிடைத்தது

வழக்கு 2022 ஜூலையில் சமரசத்துக்கு வந்தது. ஆப்பிள் தவறை ஒப்புக்கொள்ளாமல் 5 கோடி டாலர் தருவதாக ஏற்றது. மேல்மூடியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றியவர்களுக்கு 395 டாலர் வரை, ஒருமுறை மாற்றியவர்களுக்கு 125 டாலர் வரை, விசைமுகம் மட்டும் மாற்றியவர்களுக்கு 50 டாலர் வரை. இரண்டு முறை மாற்றியவர்களுக்கென்றே ஒரு பிரிவு தேவைப்பட்டதைக் கவனியுங்கள். பழுதுபார்த்தபோது பெரும்பாலும் அதே பட்டாம்பூச்சியைத்தான் திரும்பப் பொருத்தினார்கள், அது மறுபடி கெட்டது. பணம் கைக்கு வர 2024 ஆகிவிட்டது.

அந்தப் பணமும் கலிஃபோர்னியா, நியூயார்க், ஃப்ளோரிடா, இல்லினாய், நியூஜெர்சி, வாஷிங்டன், மிச்சிகன் ஆகிய ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். சென்னையிலோ கொழும்பிலோ வாங்கியவருக்குக் காசு கிடையாது. இலவசப் பழுதுபார்ப்பு உலகமெங்கும் இருந்தது. ஆனால் வாங்கிய நாட்டிலேயே பழுதுபார்க்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமையை ஆப்பிள் அந்தத் திட்டத்தின் நிபந்தனையில் வைத்துக்கொண்டது. நம் வீடுகளில் இந்த லேப்டாப் எப்படி வந்துசேரும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வரியின் கனம் புரியும். அமெரிக்காவிலிருந்து அக்கா கொண்டுவந்தது, துபாயிலிருந்து மாமா வாங்கிவந்தது என்றுதான் பல வீடுகளில் முதல் மேக்புக் நுழைந்தது.

ஆப்பிளை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. 2014-இல் லெனோவோ தன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் மேல்வரிசை விசைகளை எடுத்துவிட்டுத் தொடுபட்டை வைத்தது. பயனர்கள் திட்டித் தீர்த்ததும் அடுத்த ஆண்டே விசைகளைத் திரும்ப வைத்தது. ஓராண்டில் திரும்ப முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். டெல் 2018-இல் காந்தத்தால் இயங்கும் 0.7 மில்லிமீட்டர் விசைகளைச் செய்துபார்த்தது. 2021-இல் ஃப்ரேம்வொர்க் என்ற புதிய நிறுவனம் விசைப்பலகை உட்பட ஒவ்வொரு பாகத்தையும் வாங்கியவரே கழற்றி மாட்டும் லேப்டாப்பை விற்கத் தொடங்கியது. அதுவும் மெல்லியதுதான். அதே ஆண்டு ஜனவரி முதல் ஃப்ரான்ஸில், பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு லேப்டாப்பின் விலையோடு காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அரசு ஒரு தளம் திறந்தது. மதிப்பெண் போடும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்று நினைக்கிறேன். ரேமும் பிராசசரும் அட்டைப்பெட்டியில் அச்சாகிறபோது, விசைப்பலகையைக் கழற்ற முடியுமா என்பதும் அச்சாகட்டும்.

நான்கு ஆண்டு இலவசக் காலம் கடைசி மாடல்களுக்கும் முடிந்துவிட்டது. அந்த லேப்டாப்புகள் முடிந்துவிடவில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய பொருள் விற்கும் இடங்களிலும் நல்ல திரையும் பளபளக்கும் அலுமினியமும் கவர்ச்சியான விலையுமாக அவை கிடைக்கும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கித் தருகிறவர்கள் முதலில் மாடலைப் பார்க்க வேண்டும். 12 அங்குல மேக்புக் எந்த ஆண்டாக இருந்தாலும் பட்டாம்பூச்சிதான். மேக்புக் ப்ரோவில் 2016 முதல் 2019 வரை, 16 அங்குலம் தவிர எல்லாம். மேக்புக் ஏரில் 2018-உம் 2019-உம். மேல்மூடி ஏற்கெனவே மாற்றப்பட்டதா, எப்போது மாற்றப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள், ரசீது இருந்தால் பாருங்கள். அப்படியும் வாங்குவது என்று முடிவு செய்தால், ஒரு நீளமான வீடியோவை ஓடவிட்டு லேப்டாப் கொஞ்சம் சூடாகும்வரை காத்திருங்கள். பிறகு வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு விசையையும் பத்துப் பத்துத் தடவை தட்டி, திரையில் பத்துதான் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பேஸ் பாரையும் விட்டுவிடாதீர்கள்.